தொண்ணூற்று ஒன்று

வாசலில் மலர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், உள்ளே மித்ரா நோட்டை மூடிவிடுவாள். படாரென்று அடித்து மூடமாட்டாள், அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த பெண்தான். எழுதி முடித்தாயிற்று என்பதுபோல மெதுவாக மூடி, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்வாள். "இன்னாடி பாடம் இன்னிக்கு?" என்று கேட்டால், "உனக்குப் புரியாதும்மா, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குது" என்பாள். பத்து வயசுப் பெண் சொல்வதில் பொய்யும் இல்லை. மலருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அவள் வேலை செய்யும் கார்மெண்ட்ஸில், அட்டைப்பெட்டி மேல் ஒட்டுகிற சைஸ், கலர், பீஸ் அவ்வளவுதான். இருந்தாலும் அந்த முழங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வலிக்கும். போய் அரிசி களைவாள்.

மூன்றாவது படிக்கும்வரை இப்படியா இருந்தாள்? நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்து நிற்பாள். "எட்டுலேருந்து ஒம்போது போவ மாட்டேங்குதும்மா, இன்னா பண்றது?" என்பாள். மலர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சொல்லிக்கொடுப்பாள். குழம்பு அடிபிடித்த நாள்கூட உண்டு, யாருக்கு அதைப்பற்றிக் கவலை! சும்மா சொல்லக் கூடாது, மலர் கணக்கில் புலி. கோலார் தங்கவயலில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தாள், ஏழாவதிலும் கணக்குக்கு அவள்தான் முதல். அந்த வருஷம் சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று, அதன் பின்னாலேயே இவளுக்குப் படிப்பும் போயிற்று. மூன்று வருஷம் வீட்டில் இருந்தபின், பதினாறு வயசுப் பெண்ணைப் பதினெட்டு என்று சொல்லி பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். இருபது வருஷம் ஓடிவிட்டது, கணக்கு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஓசூர் ரோட்டில் சிக்னலில் நின்றால் முன்னால் நிற்கிற வண்டியின் நம்பரை எதால் வகுக்கலாம் என்று மனசு தானாகப் போட்டுப் பார்க்கும்.

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மகள் டாக்டராக வேண்டும், கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் புருஷன் சித்தார்த்தனின் பாடு. வைட்ஃபீல்ட் பக்கம் கேப் ஓட்டுகிறவன், கண்ணாடிக் கட்டடங்களைத் தினமும் பார்க்கிறவன், அவனுக்கு அந்த ஆசை வராமல் யாருக்கு வரும்? மலருக்கு மகள் ஒரே ஒரு தடவை அந்த நோட்டை இந்தப் பக்கம் திருப்பி, "இது எப்பிடிம்மா?" என்று கேட்டால் போதும். அதற்காக ஏங்கினாள், நிஜமாகவே ஏங்கினாள். வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. செருப்புச் சத்தம் கேட்டும் நோட்டு மூடவில்லை. மித்ரா அதன்மேல் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அய்யய்யோ, இன்னாடி ஆச்சு? யாராவது அடிச்சாங்களா?"

"ப்ரைம் நம்பர்லாம் வட்டம் போடணுமாம். எனக்கு ஒண்ணுமே புரியல."

பக்கம் முழுக்கக் கட்டங்கள். ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள். மலர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ப்ரைம்னா இன்னா?"

மித்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரே மூச்சில் இங்கிலீஷில் ஒப்பித்தாள். அர்த்தம் சொல்லச் சொன்னதும், ஒன்றாலும் அதே எண்ணாலும் மட்டுமே வகுபடும் எண் என்று அதையும் சொன்னாள்.

"சரி, அப்பிடின்னா இன்னா?"

"தெர்லயே! அதுக்குத்தான அழுவுறேன்."

மலர் கட்டங்களையே பார்த்தாள். ஒன்றாலும் அதே எண்ணாலும் மட்டும். அட! இது அதுதானே. பகா எண். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு, இருந்தும் நேற்று கேட்டதுபோல வந்து நின்றது. சிரித்துவிட்டாள். மித்ராவுக்குக் கோபம் வந்தது, "இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்றாள். மலர் எழுந்து குக்கரில் பருப்பை ஏற்றினாள். அப்படியே அலமாரியிலிருந்து பட்டன் டப்பாவை எடுத்து வந்தாள். அக்கம்பக்கத்தாரின் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்தது. அதைத் தரையில் கொட்டினாள்.

"எங்க பேக்கிங்ல சட்டையப் பெட்டியில எப்பிடி அடுக்குவோம் தெரியுமா? வரிசை வரிசையா. எல்லா வரிசையும் ஒரே அளவா இருக்கணும். பன்னெண்டு பட்டன் எடு. அடுக்கு பாப்போம்."

மித்ரா அடுக்கினாள். நான்கு நான்காய் மூன்று வரிசை. பிறகு ஆறு ஆறாய் இரண்டு வரிசை.

"பன்னெண்டு நல்ல புள்ள. எப்பிடி அடுக்குனாலும் உக்காருது. இப்ப ஏழு எடு."

இரண்டு இரண்டாய் வைத்தால் ஒன்று மிஞ்சியது. மூன்று மூன்றாய் வைத்தாலும் ஒன்று மிஞ்சியது. நான்கு வைத்தால் அடுத்த வரிசைக்கு மூன்றுதான் இருந்தது.

"உக்காரவே மாட்டேங்குதும்மா."

"உக்காராது. ஒத்த வரிசையா நீட்டமா வேணா நிக்கும். அடங்காப்பிடாரி. அதுதான்டி பகா எண். உங்க மிஸ் சொல்ற ப்ரைம்."

மித்ரா ஏழு பட்டனையும் கொஞ்சநேரம் பார்த்தாள். அப்புறம் பதினொன்று எடுத்தாள், பதிமூன்று எடுத்தாள். யாரும் சொல்லாமலே எடுத்தாள். கண்ணில் நீர் காயக்கூட இல்லை, அதற்குள் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "இதுவும் அடங்காதும்மா! இதுவும்!" என்று கத்தினாள். பருப்பு விசில் போட்டுக்கொண்டே இருந்தது, கணக்கே இல்லை. பெரிய எண்களுக்குப் பட்டன் தேவைப்படவில்லை, வாய்ப்பாடு போதுமாக இருந்தது. ஐம்பத்தொன்றும் ஐம்பத்தேழும் ஏமாற்றிவிடப் பார்த்தன, மூன்று வரிசையில் மடக்கிப் பிடித்தார்கள். "ஒண்ணுக்கு மட்டும் வட்டம் போட வேணாம்னு மிஸ் சொன்னாங்களே, ஏம்மா?" என்று கேட்டாள் மித்ரா. "அது எனக்கும் தெரியாதுடி. எங்க சார் சொன்னாரு, மறந்துட்டேன்" என்றாள் மலர். அப்படித் தெரியாது என்று சொல்வதில்கூட அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட்கிறாளே, அது போதாதா!

தொண்ணூற்று ஒன்றுக்கு மித்ரா வட்டம் போட்டாள்.

"அது இல்லடி. அழி."

"ஏன்? எந்த டேபிள்லயும் வரலியே. செவன் ட்வெல்ஸ் ஆர் எய்ட்டி ஃபோர். அதோட முடிஞ்சிருச்சு."

"உங்களுக்குப் பன்னெண்டோட முடிஞ்சிருது. எங்களுக்குப் பதினாறு வரைக்கும் உண்டு." மலர் ராகம் போட்டுச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர் சேர்ந்து சொல்வார்களே அந்த ராகம். "பதினோரேழு எழுவத்தேழு, பன்னெண்டேழு எம்பத்து நாலு, பதிமூணேழு தொண்ணூத்தி ஒண்ணு!"

மித்ரா நம்பவில்லை. நம்பாமல் தொண்ணூற்று ஒரு பட்டனையும் எண்ணி எடுத்து அடுக்கினாள். வெள்ளை, கறுப்பு, சட்டைக் காலர் பட்டன், பெண்கள் கோட்டின் பெரிய பட்டன் எல்லாம் கலந்து ஏழு வரிசை. ஒவ்வொன்றிலும் பதிமூன்று. ஒன்றுகூட மிச்சமில்லை. அவளே ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது மலருக்குச் சாதம் இறங்கவே இல்லை, மனசு அப்படி நிறைந்து கிடந்தது.

மறுநாள் மலர் வந்தபோது நோட்டு மூடியிருந்தது. முழங்கையும் இருந்தது.

"மார்க் போட்டாங்களாடி? காட்டு."

மித்ரா காட்டவில்லை. மலரே இழுத்துப் பார்த்தாள். கட்டத்தில் தொண்ணூற்று ஒன்றின்மேல் சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் பெருக்கல் குறிபோல ஒரு தப்புக்குறி. கீழே ஒரு வார்த்தை. "கேர்லெஸ்னு எழுதியிருக்காங்க" என்றாள் மித்ரா. "மிஸ் போர்டுல எழுதிப் போட்ட லிஸ்ட்ல அது இருக்குது. எல்லாருக்கும் ஸ்டார், எனக்குத்தான் இல்ல. யாரு சொன்னான்னு மிஸ் கேட்டாங்க. அம்மான்னு சொன்னேன். அம்மா இன்னா டீச்சரான்னு பின்னாடி பெஞ்சுப் பசங்க சிரிச்சிட்டாங்க."

"மிஸ்ஸும் சிரிச்சாங்களா?"

"இல்ல. அடுத்த நோட்டு எடுத்துட்டாங்க."

"நீயே அடுக்கிப் பாத்தியேடி. மிச்சம் இருந்துச்சா?"

"இல்ல. ஆனா மிஸ் சொல்றதுதான் ரைட்டு." அப்புறம் கொஞ்சம் பொறுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இனிமே நானே படிச்சிக்கிறேன்" என்றாள்.

வியாழக்கிழமை காலையில், கம்பெனிக்குக் கிளம்புமுன், மலர் தனியாக உட்கார்ந்து பட்டன்களை மறுபடியும் அடுக்கினாள். ஏழாவது படித்தவள் எங்கே, டிகிரி படித்த மிஸ் எங்கே? நாம்தான் எங்கேயோ தப்பு விட்டிருப்போம் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தொண்ணூற்று ஒன்று. ஏழு வரிசை. மிச்சமில்லை. கம்பெனியிலும் விடவில்லை, மடித்த சட்டைகளை மேசையில் பதிமூன்று பதிமூன்றாய் பரப்பினாள். கூட வேலை செய்யும் ஜானகி, உனக்குப் பைத்தியமா என்று கன்னடத்தில் கேட்டாள். ஆமாம் என்று மலரும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கலைத்தாள்.

சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். அதற்குப் போய்க் கேட்கப் போவதாகச் சித்தார்த்தனிடம் சொன்னாள். அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தான்.

"ஆனைக்கும் அடி சறுக்கும், ஒத்துக்கறேன். அதுக்காக ஆனை முன்னாடி போய் நின்னு, நீ சறுக்கிட்டன்னு சொல்லுவியா? மிதிச்சிடும் மலரு. இன்னும் அஞ்சு மாசம் நம்ம பொண்ணு அவங்க கிளாஸ்லதான் உக்காரணும். ஒரு ஸ்டார்தான, போனாப் போவுது."

"ஸ்டார் யாருக்கு வேணும்?" என்றாள் மலர். 

சூப்பர்வைசர் கோவிந்தப்பாவிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கினாள். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. வகுப்பில் பெற்றோர் பெஞ்சுகளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகள் பக்கத்தில். முன்பே வந்திருந்த மித்ரா அம்மாவோடு வந்து சேர்ந்துகொண்டாள். சுவரில் புதிதாக ஒரு சார்ட் தொங்கியது. சுற்றிலும் ஜிகினா ஒட்டி, நடுவில் ப்ரைம் நம்பர்ஸ் என்று ஊதா எழுத்தில் போட்டிருந்தார்கள். எண்கள் எல்லாவற்றையும் தாண்டி மலரின் கண் நேராகத் தொண்ணூற்று ஒன்றில் போய் நின்றது. எண்பத்தொன்பதுக்கும் தொண்ணூற்று ஏழுக்கும் நடுவில், ஒரு கவலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

மௌரீன் மிஸ் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், நாற்பத்தாறு பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வாயில் எந்நேரமும் ஒரு இருமல் மிட்டாய். காலையிலிருந்து முப்பது பேரிடம் பேசிவிட்டிருந்தார். மலரைப் பார்த்ததும் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாறினார்.

"வாங்க மித்ரா மம்மி, உக்காருங்க. நல்லா படிக்கிறா. மேத்ஸ்ல கொஞ்சம் அவசரம், அவ்ளோதான். வீட்ல யாரு சொல்லிக் குடுக்கிறாங்க?"

மலர் வாயைத் திறப்பதற்குள் மித்ரா சொன்னாள். "யாரும் இல்ல மிஸ். நானே படிச்சிக்கிறேன்."

"வெரி குட்" என்று சொல்லி மிஸ் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

மலர் பேனாவை வாங்கினாள். கோபம் வந்திருந்தால்கூடத் தேவலாம். வரவில்லை. குழந்தையைச் சொல்லி என்ன, அம்மா என்று சொல்லித்தானே அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சிரிப்பு வாங்கினாள்? மறுபடியும் வாங்குவாளா? தமிழில் மலர் என்று எழுதினாள். எழுந்தாள். பின்னால் அடுத்த அப்பா எழுந்து நிற்பது தெரிந்தது. இப்போது போய்விட்டால் அவ்வளவுதான், இந்தப் பெண் பத்தாவது போவாள், காலேஜ் போவாள், எங்கெங்கேயோ போவாள், யாரும் இல்லை என்றே சொல்லிக்கொண்டு போவாள். மலர் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"மிஸ், எனக்கு ஒரு டவுட்டு."

மேசைக்கு அடியில் மித்ராவின் கை வந்து அவள் தொடையைக் கிள்ளியது. வேண்டாம், வேண்டாம்.

"சொல்லுங்க."

"நான் கார்மெண்ட்ஸ்ல பேக்கிங் மிஸ். தொண்ணூத்தி ஒரு சட்டைய ஏழு வரிசையா அடுக்கினா, வரிசைக்குப் பதிமூணு, மிச்சமே இல்லாம உக்காருது. மூணு தடவை பாத்துட்டேன். அப்புறம் அது எப்பிடி மிஸ் ப்ரைம் ஆவும்? எனக்குப் புரியல. சொல்லிக் குடுங்க."

தப்பைச் சுட்டிக்காட்டத்தான் வந்தாள். வழியெல்லாம் அதைத்தான் நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் சொல்லிக் குடுங்க என்று வாய் சொன்னபோது அது நிஜமாகவே கேட்பதுபோல இருந்தது. எத்தனை வருஷம் ஆயிற்று, ஒரு வகுப்பில் உட்கார்ந்து, ஒரு டீச்சரைப் பார்த்து, எனக்கு இது புரியவில்லை என்று சொல்லி! 

"இல்ல மித்ரா மம்மி, செவன் டேபிள்ல அது வராது. செவன் லெவன்ஸ் செவன்ட்டி செவன், செவன் ட்வெல்ஸ் எய்ட்டி ஃபோர்..." மிஸ் நிறுத்தினார். மிட்டாய் கன்னத்தின் ஒரு பக்கம் அப்படியே நின்றது. சிவப்புப் பேனாவால் ரிஜிஸ்டரின் ஓரத்தில் எண்பத்து நான்கு என்று எழுதினார். கீழே ஏழு. கோடு போட்டார். கூட்டி எழுதவில்லை. திரும்பிச் சார்ட்டைப் பார்த்தார்.

பின்னால் நின்ற அப்பா தொண்டையைச் செருமினார். வேறு யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லி மிஸ் அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? மலரேகூட ஒன்றும் சொல்லாமல் எழுந்து போயிருப்பாள். மித்ராவின் கிள்ளல் இன்னும் விடவில்லை.

"நாப்பத்தஞ்சு நோட்டுல ரைட்டுன்னு போட்டுட்டேன்" என்றார் மிஸ். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் முன்வரிசைக்குக் கேட்டது. "ஒரே ஒரு நோட்டுலதான் தப்புன்னு போட்டேன். இயேசப்பா!"

பேனாவை மூடி வைத்தார். நாற்காலியோடு மித்ராவின் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரலில் கோபம் இல்லை.

"மித்ரா. அன்னிக்கு கிளாஸ்ல உங்கிட்ட ஒண்ணு கேட்டேன், நீ சொன்னதை நான் சரியாக் கேக்கல. இப்பக் கேக்கறேன், பயப்படாம எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

வகுப்பில் பேச்சு நின்றுவிட்டது. ஜன்னலோரம் தங்கள் அம்மாக்களோடு உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்பெஞ்சுப் பசங்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். தொடையைக் கிள்ளிய விரல்கள் விட்டுவிட்டதை மலர் உணர்ந்தாள். அப்போதுதான் தன் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை இன்னும் தொங்குவதைப் பார்த்தாள். அவசரத்தில் கழற்ற மறந்திருக்கிறாள், சேலையில் அட்டைப்பெட்டித் தூசு வேறு. பரவாயில்லை கண்ணு, யாரும் இல்லைன்னே சொல்லிடு என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. வாய் வரவில்லை. அந்தப் பதில் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

மித்ரா எழுந்து நின்றாள். வகுப்பில் பதில் சொல்லும்போது நிற்பதுபோல இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். மிஸ்ஸைப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் பார்த்தாள், பிறகு குனிந்து, அன்றைக்கு முதல் தடவையாக, மலரின் முகத்தைப் பார்த்தாள். மலர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மித்ரா மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.